மூன்று நாளுக்கு ஓர் அத்தியாயம்

2023ஆம் ஆண்டின் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுப் புத்தக அலமாரியை ஒழித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது தட்டிலிருந்து ஒரு சிறிய நாவல் கையில் வந்தது. புரட்டிப் பார்த்தேன். பல பக்கங்களில் பென்சிலால் அடிக்கோடு இட்டிருந்தது. ஓரங்களில் சிறு சிறு குறிப்புகளும் இருந்தன. எல்லாம் என் கையெழுத்துதான். கடைசிப் பக்கத்தின் கீழே ஒரு தேதியும், அதன் அருகில் 37/52 என்ற எண்ணும் எழுதியிருந்தேன். அந்த நாவலில் யார் யார் வருகிறார்கள், கதை எங்கே நடக்கிறது, எதற்காக அந்த வரிகளின் கீழ்க் கோடு போட்டேன் என்று தரையில் உட்கார்ந்தபடியே யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. எனக்கு அது உண்மையாகவே வலித்தது.

அந்த எண்ணின் கதை இதுதான். 2022 ஜனவரியில், வாரத்துக்கு ஒரு புத்தகம் வீதம் ஆண்டுக்கு 52 புத்தகங்கள் படிப்பது என்று தீர்மானித்திருந்தேன். நான் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். பகல் முழுவதும் எண்களோடு இருப்பவளுக்கு, படிப்பையும் எண்ணாக வைத்துக்கொள்வது இயல்பாகவே பிடித்துப்போனது. தாம்பரத்திலிருந்து கிண்டி வரையிலான மின்சார ரயில் பயணத்தில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. ஆகஸ்டுக்குப் பிறகு கணக்கு பின்தங்கத் தொடங்கியதும், நான் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிட்டது. 150 பக்கங்களுக்கு உட்பட்டவையாகப் பார்த்து எடுத்தேன். உரையாடல் மிகுந்தவையாக, எழுத்து பெரிதாக அச்சிட்டவையாகத் தேடினேன். டிசம்பர் முடிவதற்குள் 52ஐத் தொட்டுவிட்டேன். தொட்ட அன்று மகிழ்ச்சியாகவும் இருந்தது. அந்த ஆண்டில் படித்தவற்றில் ஏழெட்டுப் புத்தகங்கள் இன்றும் என்னோடு இருக்கின்றன என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் 37ஆவது புத்தகம் என்னைக் கடந்து போயிருக்கிறது, அது போனதுகூட எனக்குத் தெரியவில்லை என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அறிந்தேன்.

அதே தட்டில், சுவரை ஒட்டி, உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலை ஒட்டிய நாட்களில், நந்தனத்தில் நடந்த சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியது. வாங்கிய நாள் முதல் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்கும் அந்த எண்தான் காரணம். அத்தனை பெரிய புத்தகத்தைப் படித்தாலும் கணக்கில் அது ஒன்றாகத்தானே சேரும்! அன்று அதை எடுத்துப் பொருளடக்கத்தைப் பார்த்தேன். மொத்தம் 122 அத்தியாயங்கள். மறுநாள் பிறக்கவிருந்த 2024 ஒரு லீப் ஆண்டு, 366 நாட்கள். மூன்று நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்தால், 122 அத்தியாயங்களும் ஆண்டின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மிச்சமில்லாமல் சரியாகப் பொருந்தின. கணக்குப் பார்ப்பவளின் மனம் உடனே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் இந்த முறை அந்த எண் ஓட வைப்பதற்காக வரவில்லை, நிறுத்தி வைப்பதற்காக வந்தது.

இந்த நூல் முதலில் வாசகர்களின் கைக்கு வந்ததே அப்படி நிறுத்தி நிறுத்தித்தான். 1855இல் பிறந்த ஐயர், எண்பத்தைந்தை நெருங்கிய வயதில், 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகத் தம் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது தொடர்ந்து வந்தது. 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தபோது, சரித்திரம் முடிவடையாமலேயே நின்றது. 1950இல்தான் நூலாக வந்தது. இன்று நாம் ஒரே கட்டாக வாங்கி வைத்திருக்கும் இந்தப் பெரிய புத்தகத்தை, அன்றைய வாசகர் ஒருவரும் ஒரே மூச்சில் படித்திருக்க முடியாது. ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அடுத்த இதழ் வரும் வரையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டும் நினைத்துக்கொண்டும் இருந்திருப்பார்கள். அந்த நடையின் வேகத்துக்கே திரும்பிப்போய்ப் படிப்பது என்று முடிவு செய்தேன்.

ஒழுங்கு ஒன்றையும் வகுத்துக்கொண்டேன். முதல் நாள் அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். இரண்டாம் நாள் அதையே மீண்டும் படிக்க வேண்டும். மூன்றாம் நாள் புத்தகத்தைத் திறக்காமல், நினைவிலிருந்து ஒரு நோட்டில் பத்து வரி எழுத வேண்டும். எவ்வளவு ஆவலாக இருந்தாலும் அடுத்த அத்தியாயத்துக்குப் போகக் கூடாது. கேட்பதற்கு இது எளிதாகத் தோன்றும். ஜனவரி மூன்றாம் தேதி இரவு நோட்டைத் திறந்து உட்கார்ந்தபோது, இரண்டு முறை படித்த முதல் அத்தியாயத்திலிருந்து ஆறு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. தஞ்சாவூர் அரசர் ஒருவர் ஏகாதசியன்று மறந்துபோய்த் தாம்பூலம் தரித்துவிட்டதற்குப் பரிகாரமாக உத்தமதானபுரம் என்ற ஊர் உண்டானது என்பது நினைவில் இருந்தது. அந்த ஊரின் நிலம், மரங்கள், மனிதர்கள் என்று அவர் பொறுமையாக அடுக்கிச் சொல்லியிருந்தவை அனைத்தும் நழுவிப் போயிருந்தன. கதையை மட்டும் வைத்துக்கொண்டு ஊரை விட்டுவிடும் கண் எனக்கு என்று அப்போது தெரிந்தது. பிப்ரவரி முடிவதற்குள் பத்து வரி இருபது வரியாகியது.

அதே புத்தாண்டில் இரண்டாவது தீர்மானம் ஒன்றும் எடுத்திருந்தேன். கையால் செய்யும் கலை ஒன்றைக் கற்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகவே ஆசை. வேலையில் எண்கள், ஓய்வில் சொற்கள் என்று இரண்டும் தலைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்ததால், விரல்களுக்கு வேலை கொடுக்கும் ஒன்றை மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. நீர்வண்ண ஓவிய வகுப்பு ஒன்றை விசாரித்தேன், நேரம் ஒத்துவரவில்லை. புல்லாங்குழலும் மனதில் இருந்தது. கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது சிக்குக் கோலம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அம்மாவும் பாட்டியும் அத்தைகளும் போட்ட கோலங்களுக்கு நடுவில் வளர்ந்தும், நான் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

கற்றுக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. திருமணமாகி வந்த புதிதில், வாசலில் கோலம் போடுவது வீட்டுப் பெண்ணின் கடமை என்று சொல்லப்பட்டது. வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு இல்லாத கடமை எனக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டேன்; பதில் கிடைக்கவில்லை; நானும் போடவில்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கதவுக்கு முன்னால் பல ஆண்டுகளாகக் கோல ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது. அந்தக் கேள்வி இன்றும் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் யாரும் சொல்லாமல், யாருக்காகவும் அல்லாமல், நாற்பத்தாறு வயதில் நானே விரும்பி எடுக்கும்போது அது வேறொன்றாக ஆகிவிடுகிறது. மார்கழி பாதி கடந்திருந்த அந்த ஜனவரி முதல் தேதி விடியற்காலையில், ஸ்டிக்கரின் ஓரத்தைக் கத்தியால் கிளப்பி உரித்து எடுத்தேன். அடியில் இருந்த தரை ஓடு மட்டும் சுற்றிலும் இருந்ததைவிட வெளுப்பாக இருந்தது.

கோலமாவை விரலில் எடுத்தவர்களுக்கு மட்டுமே தெரியும் சில சங்கதிகள் உண்டு. கடையில் விற்கும் கோலப்பொடி கல்லை அரைத்தது. மணலைப் போல விரலிடுக்கில் ஒழுகும். அரிசி மாவு அப்படி ஒழுகாது, ஒட்டிக்கொள்ளும். அதைக் கொஞ்சம் நறநறவென்று அரைத்து வைத்துக்கொண்டால்தான் இழை விழும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலை மிகச் சிறிதாக உருட்டிக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். கை தயங்கினால் அந்த இடத்தில் கோடு தடித்துவிடும், அவசரப்பட்டால் அறுந்துவிடும். மண் வாசலில் சாணம் தெளித்துப் போடும் கோலம் தரையைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வழவழப்பான ஓட்டுத் தரையில், ஈரம் அதிகமாக இருந்தால் மாவு கட்டியாகும், காய்ந்திருந்தால் எதிர்வீட்டுக் கதவு திறக்கும் காற்றுக்கே பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, தரை காய்ந்தும் காயாமலும் இருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் போட்டுவிட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரமாயிற்று.

சிக்குக் கோலத்தின் விதிகள் மிகச் சில. கோடு புள்ளியைத் தொடக் கூடாது. எந்தப் புள்ளியும் சுற்றப்படாமல் விடுபடக் கூடாது. கிளம்பிய இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும். புள்ளிகளை நேர் வரிசைகளாக வைக்கும் நேர்ப்புள்ளியில் தொடங்கினேன். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒவ்வோர் இடத்திலும் கோடுகள் குறுக்கே வெட்டிச் செல்லும்படி போட்டுப் பார்த்தால், மூன்று புள்ளி நான்கு வரிசைக்கு ஒரே கோடு முழுவதையும் சுற்றிவந்து முடிந்தது. ஆனால் நான்குக்கு நான்கில் ஒரே கோடு வரவில்லை. எங்கே தொடங்கினாலும் பாதியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றது. நான் தவறு செய்கிறேன் என்று நினைத்து நோட்டில் திரும்பத் திரும்பப் போட்டேன். பள்ளியில் படிக்கும் என் மகன் வண்ணப் பென்சில்களை எடுத்து ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பார்த்தான். நான்கு நிறங்கள் தேவைப்பட்டன. நான்குக்கு ஆறு போட்டோம், இரண்டு நிறங்கள். ஆறுக்கு ஒன்பது, மூன்று. "அம்மா, மீப்பெரு பொதுக் காரணிம்மா இது!" என்று அவன் கத்தியபோது மணி இரவு பத்தரை. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை தனித்தனிக் கோடுகள். பொதுக் காரணி ஒன்று மட்டுமே என்றால் ஒரே கோடு. இருபது ஆண்டுகளாக எண்களோடு பழகியும், ஓர் எண் தரையில் வளைந்து வளைந்து போய்த் தன்னைக் காட்டுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் தாம்பரத்திலேயே, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, கணித அறிஞர்கள் ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து கோலத்துக்கு இலக்கணம் வகுக்கும் ஆய்வுக் கட்டுரை ஒன்றை 1974இலேயே வெளியிட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒரு மொழியின் வாக்கியங்களைச் சில விதிகளிலிருந்து பெருக்கிக் காட்டுவதுபோல, கோல வடிவங்களையும் விதிகளிலிருந்து பெருக்கிக் காட்ட முடியும் என்பது அவர்களுடைய வழி. நான் தினமும் ரயிலுக்குப் போகும் ஊரில், நான் பிறப்பதற்கு முன்பே, வாசல் கோலத்தைக் கணினி அறிவியலின் கண்ணோடு பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. கடமை என்ற ஒரே சொல்லால் நான் ஒதுக்கி வைத்திருந்ததற்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

இரண்டு தீர்மானங்களும் மார்ச் பத்தொன்பதாம் தேதி நின்றுபோயின. அன்று 27ஆவது அத்தியாயம். நிதியாண்டு முடிவு, அதைத் தொடர்ந்து தணிக்கை என்று இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பிய நாட்கள். அது ஓயும்போது பாபநாசத்தில் இருக்கும் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு மகனோடு அங்கே போய்விட்டேன். பையில் 'என் சரித்திரம்' இருந்தது, எடுக்கவில்லை. ஆறு வாரங்களுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டதால், மிச்சத்தை இரண்டு நாளுக்கு ஒன்றாகப் படித்தால்தான் டிசம்பருக்குள் முடியும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டேன். அந்தத் தாளைப் பார்த்ததும் 37/52 நினைவுக்கு வந்தது. தாளைக் கிழித்துப்போட்டேன்.

மே ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதியம், கண்ணில் சொட்டு மருந்து விட்டபின் அம்மா படுத்திருந்தாள். படிக்கக் கூடாது, தொலைக்காட்சி பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததில் அவளுக்குப் பொழுது நகரவில்லை. "பையில ஏதோ தடியா புஸ்தகம் வச்சிருக்கியே, அத வாய விட்டுப் படியேன், நானும் கேக்கறேன்" என்றாள். 28ஆவது அத்தியாயத்திலிருந்து படித்தேன். கண்ணால் படிக்கும்போது ஓடிப்போகும் வாக்கியங்கள், வாயால் படிக்கும்போது நின்று மூச்சு வாங்கின. ஐயருடைய நடை பேசிக் கேட்பதற்கென்றே அமைந்தது என்பது அன்று காதில் விழுந்துதான் தெரிந்தது. கும்பகோணம், மாயூரம், திருவாவடுதுறை என்று ஊர்ப் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் அம்மா இடைமறித்து, அந்த ஊருக்குத் தான் எப்போது போனாள், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாள் என்று சொன்னாள். நூலில் ஒரு பக்கம் என்றால் அம்மாவின் பக்கம் இரண்டாக நீண்டது. உத்தமதானபுரம் எங்கள் வீட்டிலிருந்து தொலைவில்லை. அங்கே ஐயருக்கு நினைவு இல்லம் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நான் அதுவரை போனதில்லை.

கண் சிகிச்சை செய்துகொண்டவர்கள் குனியக் கூடாது என்பதால், வாசல் கோலமும் என்னிடம் வந்தது. அம்மா திண்ணையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து சொல்ல, நான் தெருவில் குனிந்து போட்டேன். நோட்டில் வரைந்து பழகிய எனக்கு, அம்மாவிடம் எந்தக் கோலத்துக்கும் படம் இல்லை என்பது வியப்பாக இருந்தது. ஒரு கோலத்தை எப்படிப் போடுவது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை. காற்றில் விரலை ஓட்டிக் காட்டினாள்: மேலே ஏறி, வலப்பக்கம் வளைந்து, ஒரு புள்ளியை விட்டு, திரும்பி. அவளுக்குக் கோலம் என்பது கை போகும் வழியாகவே நினைவில் இருந்தது. என் கோடு நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "போட்ட கோட்டையே பாத்துண்டு இருக்காத, போகப்போற புள்ளியப் பாரு" என்றாள். நான்கு மாதமாக என் விரலிலிருந்து விழும் மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பார்வையை அடுத்த புள்ளிக்கு மாற்றியதும், அன்றே கோடு வழுக்கிக்கொண்டு போகத் தொடங்கியது.

ஜூனில் சென்னைக்குத் திரும்பிய பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. மூன்று நாளுக்கு ஒரு முறை இரவு எட்டு மணிக்கு அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்து அத்தியாயத்தைப் படித்தேன். ரயில் தாமதமானால் எட்டே காலுக்கு அவளே அழைத்துவிடுவாள். என் மனவுறுதி என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றுமில்லை; மறுமுனையில் ஒருவர் காத்திருந்தார், அவ்வளவுதான். 1940இல் வார இதழுக்காகக் காத்திருந்த வீடுகளிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த அத்தியாயங்களில் ஒன்று என்னை நேராகத் தொட்டது. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்கச் சேர்ந்த காலத்தில், இளைஞரான ஐயர் அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்றுவந்தார். ஐயருடைய தந்தை சங்கீத வித்துவான். இசை அவர் பிறந்த வீட்டின் சொத்து. மகாவித்துவானுக்கு அது தெரியவந்தபோது, இசையில் பழகப் பழக இலக்கிய இலக்கணங்களில் கருத்து ஊன்றாமல் போகும் என்று சொல்ல, ஐயர் இசைப் பயிற்சியை விட்டுவிட்டார். படித்து முடித்ததும் மறுமுனையில் அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டையும் வச்சுண்டிருக்கலாம், பாவம்" என்றாள்.

நான் அதைப் பற்றிப் பல நாட்கள் யோசித்தேன். ஒரே ஆண்டில் இரண்டைத் தூக்கிக்கொண்டு அலைபவள் நான். மகாவித்துவான் சொன்னது அவருக்கும் அந்த மாணவருக்கும் சரியாகவே இருந்திருக்கலாம். ஒருவர் வாழ்நாள் முழுவதையும் ஏடுகளுக்குக் கொடுக்கப்போகிறார் என்றால், அவருடைய ஆசிரியர் மற்ற வாசல்களைச் சாத்தத்தான் பார்ப்பார். ஆனால் என்னைப் போன்றவர்கள் வித்துவான் ஆவதற்காக இவற்றை எடுக்கவில்லை. என் அனுபவத்தில் கோலம் படிப்பிலிருந்து எதையும் பறிக்கவில்லை. காலையில் பதினைந்து நிமிடம், எந்தச் சொல்லும் இல்லாமல், அடுத்த புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு கை போன பிறகு, இரவில் ஒரு பக்கத்தை அவசரமில்லாமல் பார்க்க முடிந்தது. இரண்டையும் சேர்த்து எடுத்தது நல்லது என்றே இன்றும் நம்புகிறேன். மூன்றாவது ஒன்றை எடுத்திருந்தால் மகாவித்துவான் சொன்னதுதான் நடந்திருக்கும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

தீபாவளிக் காலத்தில் படித்ததுதான் இந்த நூலில் எல்லாரும் அறிந்த சந்திப்பு. 1880ஆம் ஆண்டு அக்டோபரில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில், அவ்வூருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் சொல்லத் தொடங்குகிறார்: அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள். நீண்ட, உண்மையான, உழைத்துச் சேர்த்த பட்டியல். முதலியாரின் முகத்தில் வியப்பு தோன்றவில்லை. இவற்றையெல்லாம் படித்ததனால் என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்கிறார். ஐயர் அவற்றைப் பார்த்ததுகூட இல்லை.

இந்தச் சம்பவம் முன்பே எனக்குத் தெரியும். தமிழ் படித்த யாருக்கும் தெரியும். ஆனால் எண்பதுக்கும் மேற்பட்ட முறை நோட்டைத் திறந்து நினைவிலிருந்து எழுதிப் பழகிய பிறகு அதைப் படிப்பது வேறு. அந்தப் பட்டியல் வந்த இடத்தில் என் குரல் தழுதழுத்தது. 37/52 என்று எழுதியவள் நான். என்ன பிரயோசனம் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. அந்தச் சிறிய நாவலே என்னைக் கேட்டுவிட்டது. ஆனாலும் முதலியாரின் கேள்வியை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. அந்த அந்தாதிகளையும் கோவைகளையும் ஆசிரியரின் அருகில் உட்கார்ந்து பாடம் கேட்டதனால் வந்த பழக்கம்தான், அடுத்த ஏழு ஆண்டுகள் ஏடுகளை ஒப்பிட்டு, புரியாத சொல்லின் முன்னால் நாட்கணக்கில் காத்திருந்து, 1887இல் சிந்தாமணியை அச்சிட அவருக்குக் கை கொடுத்தது. பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. பிரயோசனம் இல்லாத படிப்பு என்று முதலியார் ஒதுக்கியதன் மேல்தான் இவையெல்லாம் எழுந்தன. பட்டியல் நீளமாக இருந்ததில் பிழை எதுவும் இல்லை. அதில் இருந்த ஒவ்வொரு நூலையும் அவர் பாடம் கேட்டிருந்தார், மனத்தில் வைத்திருந்தார். என் 52க்கும் அவருடைய பட்டியலுக்கும் உள்ள தூரம் அதுதான்.

டிசம்பர் 31 அன்று நான் 108ஆவது அத்தியாயத்தில் இருந்தேன். புத்தாண்டுத் தீர்மானம் நிறைவேறவில்லை. அன்று இரவும் எட்டு மணிக்கு அம்மாவுக்குப் படித்தேன். ஜனவரி மூன்றாம் தேதி அடுத்ததைப் படித்தேன். 2025 பிப்ரவரி 11, தைப்பூசத்தன்று 122ஆவது அத்தியாயம் வந்தது. கோயிலுக்குப் போய்வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு, இதற்கு மேல் அவர் எழுதவில்லை என்பதை முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் நான் நிறுத்தியதும், "இன்னும் நாப்பது வருஷம் இருந்திருக்காரே, அதெல்லாம் யாரு சொல்றது?" என்று கேட்டாள். மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு நூல் நின்றுபோகிறது. அவருடைய மாணவர் கி.வா. ஜகந்நாதன் பிற்காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். "அப்போ அதையும் வாங்கு" என்றாள்.

அதையும் வாங்கிப் படித்தோம். ஏப்ரலில் ஊருக்குப் போனபோது அம்மாவை அழைத்துக்கொண்டு உத்தமதானபுரத்துக்கும் போய்வந்தேன். அம்மா படியேறி உள்ளே போகும் முன் வாசலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

இந்த ஆண்டு, 2026க்கு, குறுந்தொகையை எடுத்திருக்கிறோம். அதையும் ஐயர் தம் முதுமையில், 1937இல், உரையோடு பதிப்பித்தார். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள், நாளுக்கு ஒன்று. அவை இந்த ஆண்டுக்குள் அடங்காது, 2027 பிப்ரவரி 5 வரை போகும். நாள்காட்டியில் இடம் இல்லாததால் அந்த 36 நாட்களையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையால் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஜனவரி முதல் தேதி காலையில் முதல் பாட்டைப் படித்தேன். முருகனுடைய குன்றம் முழுவதும் குருதி நிறத்துக் காந்தள் பூத்திருக்கிறது என்று சொல்லும் பாட்டு. அம்மா அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, காந்தளைக் கோலமாகப் போட ஏழு புள்ளி போதுமா, ஒன்பது வேண்டுமா என்று யோசிக்கத் தொடங்கினாள். நான் ஒன்பது வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். தரை இன்னும் காயவில்லை.